மைவால் சமன்செய் படலம்

வாழ்க அவள்! பழுதான துணி துவைக்கும் இயந்திரங்களின் பொருட்டுப் பொங்கியெழும் ஊராரின் சினக்கடலை, வீட்டின் பின்னறையில் வீற்றிருந்தபடியே, "புரியுதுங்க, மன்னிச்சிடுங்க" என்னும் இரு கணைகளால் அடக்கியாளும் வாடிக்கையாளர் சேவைப் பெருமாட்டி வாழ்க! அவள் கண்ணுக்கு மை தீட்டிய போரைக் கேளுங்கள்.

முகம் தெரியாது குரல் மட்டுமே கேட்கும் அத்தொழிலுக்கு, காலை எட்டரை மணிக்குக் குளியலறைக் கண்ணாடி முன் அவள் மைக்கோல் ஏந்தி நிற்கக் கண்ட நாத்தனார், வாய் நிறைந்த பற்பசை நுரையோடு நஞ்சு தோய்ந்த வினாவொன்றை எய்தாள்.

"ஏன் அண்ணி, போன்ல பேசுறதுக்கு எதுக்கு இவ்ளோ மேக்கப்? யாரு பாக்கப் போறா?"

எண்திசையும் அதிர எழுந்தது சபதம்:

"யாரும் பாக்க வேணாம். நான் எனக்காகப் போடுறேன்!"

என்றவள் நாத்தனாரை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டாள். சபதத்தின் சூட்டிலோ என்னவோ, இடக்கண் ஓரத்தில் வாள்நுனியென வளைய வேண்டிய மைவால் நெல்லளவு நீண்டுவிட்டது. நிகர்செய்ய வலக்கண் வாலை நீட்டினாள். அது எள்ளளவு மிஞ்சிற்று. இடம் வெகுண்டது, வலம் வஞ்சினம் உரைத்தது, எல்லைக்காக மோதும் ஈரரசர்போல் இமையோரம் கடந்து, புருவக்கோடி கடந்து, முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கென்று இரு கரும்படைகளும் காதுகளை நோக்கி அணிவகுக்க, துடைத்தெறிந்த பஞ்சுகள் களத்துப் பிணங்களெனக் கழுவுதொட்டியில் குவிந்தன.

கணவர் கதவைத் தட்டினார். "உள்ள உயிரோடதான் இருக்கியா?"

எட்டு ஐம்பத்தெட்டுக்கு, எல்லாவற்றையும் அழித்து, மூச்சடக்கி, நாக்கைக் கடித்து இழுத்தாள் இறுதிக் கோடுகளை. ஆகா! தராசில் இட்டாலும் ஒருபுறம் தாழாத இரட்டை வால்கள்!

அக்கணமே மேலாளரின் ஆணை போனில் மின்னிற்று: இன்றைய கூட்டத்தில் எல்லோரும் கேமராவைத் திறந்து வைக்க வேண்டும்.

தனக்காக என்று முழங்கிய தன்மானச் சிங்கம் என்ன செய்தது தெரியுமோ? நாத்தனார் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மடிக்கணினியை மகவென மார்போடணைத்து, நல்ல வெளிச்சம் தேடிக் கூடம், சமையலறை, பால்கனி எனப் படையெடுத்து, கடைசியில் துணிக்கொடிக்கு அடியில் முக்காலியிட்டு அமர்ந்து, முகத்தை இடம் திருப்பி, வலம் திருப்பி, இமைகளை மெல்லத் தாழ்த்தி உயர்த்தி, இருபத்து மூன்று சக ஊழியர் முன் எழுந்தருளி, "குட் மார்னிங் சார்" என்றது.

திரை உறைந்தது. பின் மேலாளர் திருவாய் மலர்ந்தார்.

"மேடம், உங்க வாய்ஸ் விட்டு விட்டு வருது. கேமராவ ஆஃப் பண்ணிடுங்க."

அணைத்தாள்.

அன்று படுக்கப் போகும்வரை அவள் முகம் கழுவவில்லை.