நாற்பது பேரை நிறுத்திய கை

மரியாதைக்குரிய அக்காவுக்கு, அன்புடன் தம்பி எழுதுவது. உன் முழங்கால் வலியும் அத்தானின் முன்கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், மகள் சின்னவள் மட்டும் என்னோடு பேசுவதில்லை. நீ சொன்னால் கேட்பாள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

அவள் டிராம்போன் ஊதும் ஜாஸ் கோஷ்டி இசைத்தட்டு ஒன்று பதிவு செய்கிறது. நாற்பது பேர். எதிரில் தாளும் கிடையாது, மெட்டும் கிடையாது. ஒட்டடைக்குச்சி போல ஒருத்தர் முன்னால் நின்று கை காட்டுவார், அதைப் பார்த்து அவரவர் மனதில் தோன்றியதை வாசிக்க வேண்டும். மண்டபம் ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது, கெட்டால் மறுபடி கிடையாது. அதனால் மூச்சுக்கூட விடக் கூடாது என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப்போனாள். அந்தக் கைகாட்டி மனிதருக்குப் பின்னால் எனக்கு நாற்காலி போட்டார்கள். வெகுநேரம் சுருதி சேர்க்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், ஒலிப்பதிவுக்காரர்தான் பாதி முடிந்துவிட்டது என்றார். அப்புறம் பாரு, டிரம்பெட் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம், வயலின் கூட்டம் குறுக்கே, ஒருத்தருக்கும் வழிவிடும் எண்ணமே இல்லை, சிக்னல் கெட்டுப்போன நாற்சந்தி மாதிரி. காலமெல்லாம் போக்குவரத்துப் போலீசாக நடுரோட்டில் நின்றவன் என்ன செய்வான், சொல்லு. பழக்கதோஷம், எழுந்து நின்று கையை நீட்டிவிட்டேன். அத்தனை பேரும் கப்சிப். கைகாட்டியே கையை இறக்கிவிட்டார். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு ஊதும் நம்ம சின்னவள் மட்டும் ஒன்றும் தெரியாமல் ஊதிக்கொண்டே போனாள், தன்னந்தனியாக. ஊதி முடித்துக் கண்ணைத் திறந்தவள் முதலில் பார்த்தது என் கையைத்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தும்போது, "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்கப்பா" என்றாள். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது என்று நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

அத்தானுக்கு வணக்கம், அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதிவில் அந்த இடத்தை வெட்டவே கூடாது என்று கைகாட்டி பிடிவாதமாக இருக்கிறாராம். "அங்க நான் ஊதறது மட்டுந்தாம்பா கேக்குது" என்றாள். ஆகவே நீ எதுவும் சொல்ல வேண்டாம். கை தானாகப் போனது என்று எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் அடித்துவிட்டுப் படி. அவ்வளவு சத்தத்தில் அவள் ஊதுவது எனக்குக் கேட்கவில்லை.