பெலாச்சான் ஜாடியில் இருந்த பட்டாளத்துக் கைச்சங்கிலி

காஜா பெராங், மலாக்கா.
விளம்பி வருஷம் ஆடி மாதம் 27 (12-8-1958)

மரியாதைக்குரிய மச்சான் ஜெயபாலன் அவர்கள் சமூகத்துக்கு ஏகாம்பரம் எழுதிக்கொண்டது. இவ்விடம் என் முழங்காலைத் தவிர மற்ற அனைவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமம் தங்கள் கடிதம் வந்தால்தான் தெரியும். ஈப்போவில் தபால்பெட்டியே கிடையாதா என்று உங்கள் தங்கை ருக்மணி கேட்கச் சொன்னாள். கொழும்புத் திட்டத்தில் தாங்கள் அடுத்த மாதம் மெல்பர்ன் நகரத்துக்குப் பயிற்சிக்குப் போகும் செய்தி அறிந்து பெருமைப்பட்டோம். பெருமைப்பட்ட கையோடு ஒரு சின்ன வேலையும் தருகிறேன். ஒரு வெள்ளிக் கைச்சங்கிலியை அங்கே ஒரு தாயாரிடம் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். பயப்படாமல் மேலே படியுங்கள்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பூங்காவனம் அம்மாள் என்று ஒரு மலாக்காச் செட்டி வீட்டு அம்மாள் இருக்கிறார்கள். பெயர் தமிழ், கும்பிடுகிற சாமி தமிழ், வாயைத் திறந்தால் மட்டும் மலாய். நானும் தபாலாபீஸ் மலாயை வைத்துக்கொண்டு பதினோரு வருஷமாகச் சமாளித்து வருகிறேன். அவர்கள் வழக்கப்படி போகியன்று இறந்துபோனவர்களுக்கு வாழையிலையில் படையல் போடுவார்கள், பார்ச்சு என்று பெயர். இந்த வருஷம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மாமனார் இலையில் சோறும் சம்பலும், புருஷன் இலையில் சோறும் சம்பலும் சுருட்டும், கடைசி இலையில் மட்டும் ரொட்டி, திறந்த சார்டின் டின், பால் ஊற்றிய தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு முள்கரண்டி! என் ஆயுசில் முள்கரண்டி வைத்த பித்ரு இலையை நான் பார்த்ததில்லை. இது யாருக்கம்மா என்று கேட்டேன். “எங்க வீட்டு ஆள் இல்லை, வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பையன்” என்றார்கள்.

விஷயம் இதுதான், மச்சான். சண்டைக்கு முன்னே ஆஸ்திரேலியப் பட்டாளத்துக்காக இங்கே ஓர் ஆஸ்பத்திரி நடந்ததல்லவா, அதற்கு இந்த அம்மாள்தான் துணி வெளுத்தார்கள். ஒரு நாள் மூட்டையை வீட்டில் பிரித்தால் ஒரு சட்டைப்பையில் கைக்குட்டைக்குள் இந்தச் சங்கிலி. நடுவில் தகடு, அதில் டபிள்யூ. டிண்டல் என்று பெயர், ஒரு நம்பர், மதம். சிப்பாய் எங்கேயாவது விழுந்து கிடந்தால் இன்னார் என்று தெரிவதற்காகக் கையில் போட்டுக்கொள்வது. மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொடுக்க ஓடியிருக்கிறார்கள். கட்டில்தான் இருந்தது, ஆள் இல்லை; ஆஸ்பத்திரியே மூட்டை கட்டித் தெற்கே போய்விட்டது. அடுத்த வாரம் ஜப்பான்காரன் வந்துவிட்டான். வெள்ளைக்காரச் சிப்பாயின் சாமான் வீட்டில் அகப்பட்டால் தலை கழுத்தில் இருக்காது என்று ஊருக்கே தெரியும். அக்கம்பக்கத்தார் கோட்டைக் கடலில் வீசச் சொன்னார்கள். இந்த அம்மாள் வீசவில்லை. நாறுகிற இறால் விழுது, அந்தப் பெலாச்சான் ஜாடிக்குள் புதைத்துவிட்டார்கள். மூன்று தடவை வீட்டைச் சோதனை போட்டானாம். மூன்று தடவையும் ஜாடியைத் திறந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடிவிட்டானாம். சோற்றுக்கு இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்ற காலத்தில் அந்த வெள்ளியை விற்றிருந்தால் ஒரு மூட்டை அரிசி கிடைத்திருக்கும். விற்கவில்லை. நானாக இருந்தால் விற்றிருப்பேன், மச்சான், உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். “டியா புன்யா மாக் துங்கு” என்றார்கள். அவன் அம்மா காத்திருப்பாளே என்று அர்த்தம். இவர்களுடைய ஒரே மகன் பிச்சையைச் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை, ஒரு சட்டைப் பித்தான்கூட வரவில்லை. வெள்ளைக்காரர்கள் போன கப்பலெல்லாம் மூழ்கிவிட்டதாகக் கேள்விப்பட்டு, அந்தப் பட்டாளத்துப் பையன் ஊரில் இலை போடும் வழக்கம் இல்லையே, பசியோடு அலைவானே என்று வருஷா வருஷம் இவர்களே போட்டிருக்கிறார்கள். பிச்சைக்கு மட்டும் இதுவரை இலை போட்டதில்லை. செத்தான் என்று யாரும் வந்து சொல்லவில்லையாம்.

அப்போதுதான் நான் வாயை விட்டேன். முப்பத்தொரு வருஷத் தபால் சேவையில் விலாசதாரர் இல்லை என்று ஒரு கடிதத்தைத் திருப்பியனுப்பாதவன் நான், அந்தத் தாயாரைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். (நம் கல்யாணப் பத்திரிகையே கல்யாணம் முடிந்த பிறகுதான் எங்கண்ணனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று உங்கள் தங்கை இப்போது பின்னாலிருந்து சொல்கிறாள். அது வேறு விஷயம்.) தகட்டில் எழுத்து தெரியவில்லை, பதினாறு வருஷத்துப் பெலாச்சான். ஜாலான் பெண்டஹாராவில் நகைத்தொழில் செய்யும் பொன்னுதுரையிடம் கொண்டுபோனேன். “என்னாண்ணே இது, வெள்ளியா கருவாடா? கடைக்குள்ள கொண்டாராதீங்க லா!” என்று வாசலிலேயே வைத்துத் தேய்த்தான். நல்ல கெட்டிக்காரன்தான், ஆனால் தேய்க்கச் சொன்னால் நிறுத்தத் தெரியாதவன். கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கிக் கொடுத்தபோது நம்பரில் கடைசி இலக்கத்தைக் காணோம்! அந்த நம்பரோடு மெல்பர்ன் பட்டாள ஆபீசுக்கு எழுதினேன். முழு நம்பர் இல்லாமல் ஆளைச் சொல்ல இயலாது, ஆனால் முதலில் உள்ள எழுத்தைப் பார்த்தால் விக்டோரியா மாநிலத்தில் சேர்ந்தவர் என்று பதில் வந்தது.

எனக்கு அது போதாதா, மச்சான்? ஓர் ஊரில் யார் எங்கே இருக்கிறார் என்று ராஜாவுக்குத் தெரியாது, போலீசுக்குத் தெரியாது, போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தேசப்படம் வாங்கி விக்டோரியாவில் பதினான்கு சின்ன ஊர்களைப் பொறுக்கி, “அன்புள்ள சக தபால்காரரே” என்று ஆரம்பித்துப் பதினான்கு போஸ்ட்மாஸ்டருக்கும் ஆறு ஆறு பக்கம் எழுதினேன். ஜாடி, இலை, சார்டின், முள்கரண்டி ஒன்றும் விடவில்லை. வரிசையாக ஆஸ்திரேலியத் தபால்தலையோடு பதில் வர ஆரம்பித்ததும் தெரு முழுக்கப் பேச்சு. சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இவர் அதற்குள் வெள்ளைக்காரன் ஊருக்குக் கிளம்புகிறார் என்றார்கள். உங்கள் தங்கை வேறு மாதிரி நினைத்துக்கொண்டு, “பென்சன் வாங்கற வயசுல யாருங்க அது, மாசம் மூணு கடுதாசி எழுதறவ?” என்று இரண்டு நாள் சோறு போடவில்லை. பதின்மூன்று பதிலிலும் டிண்டல் இல்லை. பதினான்காவது பதில் மூன்று வாரத்துக்கு முன் வந்தது. டிண்டல் என் ஊர்க்காரர்தான், ஆடு வளர்க்கிறார், இரண்டு பிள்ளைகள், தங்கள் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன், சக தபால்காரரே என்று அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர் எழுதியிருந்தார்!

ஆள் உயிரோடு இருக்கிறான், மச்சான்! முழங்காலை மறந்து வேலியைத் தாண்டி ஓடிச் சொன்னேன். “ஹீடுப்?” என்று கேட்டார்கள். ஆமாம், உயிரோடுதான். அந்த அம்மாள் சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குப் பதினாறு இலை போட்டுவிட்டேனே, அவன் ஆயுசு என்னாவது என்று ஒரே புலம்பல். மாரியம்மன் கோயில் அர்ச்சகரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நெடுநேரம் யோசித்து, “செத்தவனுக்கு இலை போடலைன்னா பரிகாரம் இருக்கு. சாகாதவனுக்குப் போட்டதுக்கு யாரும் எழுதி வைக்கல” என்று கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில்தான் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பதினாறு வருஷம் கழிச்சு இவன் உயிரோட வந்துட்டான். என் பிச்சையும் இருப்பான், இல்லையா?” என்று கேட்டார்கள். மச்சான், பெரிய மனுஷர்களை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன், ஸ்டாம்பில் படம் வருகிற அளவுக்குப் பெரியவர்களை. இந்த அம்மாள் கால்தூசிக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள்.

இனி உங்கள் வேலை. அம்மாள் சங்கிலியைத் தபாலில் அனுப்பச் சம்மதிக்கவில்லை. தபால் இலாகாவின் முகத்தில் கரி பூசினாலும் பூசட்டும், தாயார் கையில் மனுஷன் கையால் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆகவே சனிக்கிழமை ஈப்போவுக்கு வருகிற பக்கத்துத் தெரு நடராஜன் மூலம் அனுப்பிவைக்கிறேன். ஏழு சுற்றுத் துணி சுற்றியிருக்கிறேன், இருந்தாலும் கப்பலில் சக பிரயாணிகள் முகம் சுளித்தால் ஊறுகாய் என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தாயாரிடம் சங்கிலியை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். இலை போட்ட விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லி மன்னிப்பும் கேட்க வேண்டும். உங்கள் ஆங்கிலம் என் ஆங்கிலத்தைவிட நல்லது என்று ஊரார் சொல்கிறார்கள்.

பிரயாணம் சுகமாக அமையவும், கடல் அடங்கிக் கிடக்கவும், தாங்கள் இன்னும் பெரிய படிப்பும் பதவியும் பெற்றுத் தங்கையின் வாய்க்கு அகப்படாத தூரத்தில் நீடூழி வாழவும் எல்லாம் வல்ல முருகன் அருளட்டும். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்குத் தங்கள் அன்புள்ள மைத்துனன்,
க. ஏகாம்பரம் (தபால் பிரிப்பாளர், ஓய்வு)

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கவரை ஒட்டப் போகிற நேரத்தில் டிண்டல் கையாலேயே எழுதிய கடிதம் வந்துவிட்டது. அவன் சங்கிலியைத் தொலைக்கவேயில்லையாம்! ஆஸ்பத்திரியில் மலேரியாக் காய்ச்சலில் எதுவும் வயிற்றில் தங்காமல் கிடந்தபோது, துணி வெளுக்கிற ஓர் அம்மாள் யாருக்கும் தெரியாமல் தூக்குச்சட்டியில் கஞ்சியும் கருவாடும் கொண்டுவந்து இருபது நாள் ஊட்டினாளாம். தெற்கே கிளம்ப உத்தரவு வந்தபோது கொடுக்க வேறொன்றும் இல்லை, நன்றி சொல்ல அவள் பாஷையும் தெரியவில்லை. அதனால் சங்கிலியைக் கைக்குட்டையில் சுற்றி, அவள் எடுப்பாள் என்றுதான் சட்டைப்பையில் வைத்தானாம். அது அவளுடையதுதான், திருப்பியனுப்பினால் வாங்க மாட்டேன் என்கிறான். முப்பத்தொரு வருஷம் தபால் பிரித்தவன் ஏழு மாதமாக, சரியான விலாசத்தில் சேர்ந்துவிட்ட சாமானைத் திருப்பியனுப்பப் பாடுபட்டிருக்கிறேன்! கஞ்சி ஊட்டியதை ஏனம்மா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், “பூபோர் சாஜா” என்கிறார்கள். வெறும் கஞ்சிதானே, அதைப் போய்ச் சொல்வார்களா என்று. சங்கிலி இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. மெலிந்த கை, முழங்கை வரை வழுகிப் போகிறது.

டிண்டல் இன்னொன்றும் எழுதியிருக்கிறான். அவன் அம்மா நாற்பத்து மூன்றாம் வருஷமே போய்விட்டாளாம், இவன் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்தபோது, இவன் உயிரோடு இருப்பது தெரியாமலே. அந்தக் கடைசி இலையை நிறுத்த வேண்டாம், என் அம்மா பேரில் போடச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறான். அம்மாளுக்குப் படித்துச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், அதை மட்டும் மெல்பர்னிலிருந்து விசாரித்து எழுதுங்கள், வேறொரு வேலையும் வேண்டாம்: அவன் அம்மாவுக்குச் சார்டின் பிடிக்குமா?