பக்கத்து வீட்டு பில்

"பன்னிரண்டாயிரம் யென்தான் தம்பி. வீட்ல நாலு பேரு. பூனைக்குத் தனியா ஒரு ஹீட்டர் வேற" என்றபடி குரிஹாரா அம்மாள் தன் கரண்ட் பில்லை ஷிகெருவின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

ஷிகெருவின் பில் பதினேழாயிரத்து அறுநூறு. வீட்டில் மூன்றே பேர். பூனை கிடையாது. அவர் குடியிருக்கும் வீடே எட்டு வருடத்துக்கு முன் குரிஹாரா அம்மாளிடம் வாங்கியதுதான். வீட்டை விற்றாரே தவிர, அதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமையை அவர் விற்கவில்லை.

"நீங்க இன்னும் பழைய கம்பெனிதானே? இப்பல்லாம் யாரு வேணா கரண்ட் விக்கிறான். நல்லா விசாரிச்சு மாத்திக்க வேணாமா? நான் எழுபத்தாறு வயசுல மாத்திட்டேன்."

அவர் தலை மறைந்ததும் ஷிகெருவின் மனைவி மிட்சுயோ தீர்ப்புச் சொன்னாள்.

"நம்ம பில் அந்தம்மா பில்லுக்குக் கீழ வர்ற வரைக்கும் உங்களுக்கு பீர் கிடையாது."

"பீருக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஃப்ரிட்ஜ்லதானே இருக்கு?"

ஷிகெரு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் தன்னைக் கொல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் இருபத்திரண்டு வருட வேலை. நாள் முழுக்க பிரேக்கை மிதித்துவிட்டு வருகிறவருக்கு ராத்திரி அந்த ஒரு டப்பா பீர்தான் உயிர். ஆகவே அன்றைக்கே களத்தில் இறங்கினார்.

இறங்கிய பிறகுதான் தெரிந்தது, நாட்டில் கரண்ட் விற்காத ஆள் அவர் ஒருவர்தான் என்று. காஸ்காரன் விற்றான். ஃபோன்காரன் விற்றான். ரயில்காரனும் சூப்பர் மார்க்கெட்காரனும் விற்றார்கள். எங்கோ ஒரு தூரத்து ஊர்க் கால்பந்து அணியின் பெயரிலும் விற்றார்கள். அணி ஜெயித்த மாதம் தள்ளுபடியாம். எல்லோரும் விற்பது ஒரே கம்பியில் வரும் ஒரே கரண்ட். ஆனால் ஒவ்வொருவனுடையதும் மற்றவனுடையதைவிட மலிவு. இது எப்படிச் சாத்தியம் என்று மட்டும் எந்த இணையதளமும் சொல்லவில்லை.

முதலில் காஸ்காரனுக்கு மாறினார். காஸும் கரண்டும் சேர்த்து வாங்கினால் சலுகை. மறுமாதம் ஐந்நூறு யென் குறைந்தது. குரிஹாரா அம்மாளுக்கும் குளிர்காலத்துக்கு முன்னால் ஏதோ குறைந்திருந்தது. வித்தியாசம் அப்படியே நின்றது.

"அப்ப அந்தம்மா கம்பெனிக்கே மாறிடறேன். அதே கம்பெனி, அதே திட்டம். அப்புறம் எப்படி ஏறும்னு பாக்கறேன்" என்றார் ஷிகெரு.

மாறினார். அதே கம்பெனி, அதே திட்டம், அதே ஐந்தாயிரத்துச் சொச்சம் வித்தியாசம்.

"அந்தம்மாவையே நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்பா. கைராசியா இருக்கும்" என்றாள் மகள் சினாட்சு. பள்ளியின் கடைசி வருடம். பிப்ரவரியில் கல்லூரி நுழைவுத் தேர்வு. வாய்க்கு மட்டும் தேர்வு தேவைப்படவில்லை.

டிசம்பரில் ஷிகெரு சந்தை விலைத் திட்டத்துக்குப் போனார். அரை மணிக்கு ஒரு முறை கரண்ட் விலை மாறும். மதியம் வெயிலடிக்கும்போது கொள்ளை மலிவு. சாயங்காலம் குளிர் ஏறினால் அதுவும் ஏறும். ஒரு சாயங்காலம், ஒரு பெண் முதல் முறையாகப் பெரிய சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கையில் ஷிகெருவின் ஃபோன் அலறியது. விலை மூன்று மடங்கு! அவர் நடுச்சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றவர் ஃபோனில் கத்தினார். "மிட்சுயோ! எல்லாத்தையும் அணை! எல்லாத்தையும்!"

"குக்கர்ல சோறு பாதி வெந்திருக்கு."

"பாதியே போதும்!"

அந்த மாத பில் இருபத்தோராயிரம். பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதைதான். மிட்சுயோ பில்லையும் கடிதத்தையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள், பீர் எடுக்கத் திறந்தால் கண்ணில் படட்டும் என்று.

ஷிகெரு மறுபடி பழைய திட்டத்துக்கே திரும்பினார். கூடவே ஒரு புத்தியும் வந்தது. ஐம்பது ஆம்பியர் இணைப்பை முப்பதாகக் குறைத்தால் மாதக் கட்டணம் குறையும் அல்லவா? குறைத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் எதைப் போடுவதானாலும் கூவி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

"குக்கர் போடறேன்!" என்பாள் மிட்சுயோ.

"இருங்க, நான் ட்ரையர்ல இருக்கேன்!" என்று குளியலறையிலிருந்து மகள்.

"ட்ரையரை நிறுத்து! அப்பா கொதாட்சு ஹீட்டர் மேஜைல உக்காந்திருக்கேன்!"

ஒருவர் மறந்தாலும் டப் என்று ட்ரிப் ஆகிவிடும். வீடே இருளும். இத்தனைக்கும் ஷிகெரு கூட்டிப் பார்த்தால் எப்போதும் முப்பதுக்குள்தான் வந்தது. ஆனாலும் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் வீட்டுக்குள் உட்கார்ந்து கரண்டைக் குடிப்பது போல விழுந்தது.

"இந்த வீட்ல ஏதோ இருக்கு" என்றாள் மிட்சுயோ.

"ஆமா. உன் குக்கர் இருக்கு."

கடைசியில் வீட்டைச் சூடாக்கும் ஏசியையும் அடியோடு நிறுத்தினார்கள். ஜனவரியில் அகாகி மலையிலிருந்து இறங்கும் காற்று அவர்கள் ஊரான மாயெபாஷியின் வீடுகளுக்குள் அனுமதி கேட்டு வருவதில்லை. சினாட்சு கையுறை போட்டுக்கொண்டு கணக்குப் போட்டாள். அதைப் பார்க்கும்போது ஷிகெருவுக்கு, தன் பீருக்காகப் பெண்ணை நடுங்கவைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தோற்பதா?

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே, மதிலை ஒட்டி, குரிஹாரா அம்மாளின் பான எந்திரம் ஒன்று நின்றது. அவர் கணவர் புகையிலைக் கடை நடத்திய காலத்தில் வைத்தது. மாதாமாதம் கமிஷன் வருகிறது என்று அவர் அதைத் தினமும் துடைப்பார். ஷிகெரு அதில் நூற்று நாற்பது யென் போட்டு, சூடான சோளச் சூப் டப்பா வாங்கி வந்து மகளிடம் கொடுத்தார்.

"முதல்ல கையில வச்சுக்க. கை சூடானதும் குடி. இதைச் சூடு பண்ற கரண்ட் அந்தம்மாவோடது. நமக்கு ஒரு பைசா செலவில்ல" என்றபோது அவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெற்றிப் புன்னகை. அதன் பிறகு தினம் நாலைந்து டப்பாக்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். வாங்கிய சூப் பச்சைத் தண்ணீராக இருந்தது. இன்னொரு நாள் போனால் எந்திரமே இருண்டு கிடந்தது. திரும்பி வந்து, அப்போதுதான் விழுந்திருந்த தன் வீட்டு ட்ரிப்பரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தவருக்குப் பொறி தட்டியது.

"மிட்சுயோ! அந்தம்மா பில் ஏன் குறையுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். மெஷினை அணைச்சு அணைச்சுப் போடறாங்க! கமிஷனும் வேணும், கரண்டும் செலவாகக் கூடாது. என்ன திருட்டு!"

"சத்தம் போடாதீங்க, மதில் பக்கத்துலயே இருப்பாங்க."

"இருக்கட்டுமே!"

சனிக்கிழமை மதியம் பானக் கம்பெனி ஆள் ஓபா வந்தார். எந்திரம் அடிக்கடி நின்றுபோகிறது என்று குரிஹாரா அம்மாளே ஃபோன் செய்திருந்தார். ஷிகெரு பஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் பாதி குடித்த சூப் டப்பாவோடு, வெளியே பாய்ந்தார்.

"மெஷின்ல கோளாறே இல்லப்பா. பில்லைக் குறைக்க இந்தம்மாதான் அணைக்கிறாங்க. எட்டு வருஷமா பக்கத்துல இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"நானா?" குரிஹாரா அம்மாள் துடைப்பத்தைத் தரையில் ஊன்றினார். "என் வீட்டுக்காரர் வச்ச மெஷின் தம்பி இது! இதுக்கு ஸ்விட்ச் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது!"

"அப்ப ஒயரைப் பிடிச்சுப் போய்ப் பாருப்பா. எந்த வீட்ல போய் முடியுதோ அங்கதான் திருடன்."

ஓபா எந்திரத்துக்குப் பின்னால் டார்ச்சோடு தவழ்ந்து போனார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ட்ரையர் போடறேன்!"

"வேணாம்டி, குக்கர் ஓடுது—"

டப்.

ஷிகெருவின் வீடு இருண்டது. அவர் கண்ணெதிரே எந்திரமும் இருண்டது. குரிஹாரா அம்மாளின் இரண்டு கையும் துடைப்பத்தின் மேல்தான் இருந்தன. அவர் வீட்டு ஜன்னலில் விளக்கு நிம்மதியாக எரிந்தது.

மிட்சுயோ வாசலுக்கு வந்து எந்திரத்தைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

ஓபா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். வீடு கைமாறியபோது யாரும் மாற்றாத, மதில் இடுக்கில் ஓடி ஷிகெருவின் சுவருக்குள் நுழைந்திருந்த ஒயரை ஒரு முறை டார்ச்சால் காட்டினார். பிறகு ஷிகெருவின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எட்டு வருஷமா இந்தச் சூப்பைச் சூடு பண்றதும் நீங்கதான், அதை நூத்தி நாப்பது யென் போட்டு வாங்கிக் குடிக்கிறதும் நீங்கதான்."