கம்பாலா விலை

"முழு வாழைக்குலை நானூறு ஷில்லிங்கா? பொய்யைக் கூடப் பொருந்தச் சொல்லணும்டி!"

நைரோபியில் போனை வைத்த நஞ்சாலாவின் கூடையில், எண்ணி வாங்கிய ஆறே ஆறு வாழைக்காய்கள் கிடந்தன. கம்பாலாவில் வாழ்க்கைப்பட்ட தங்கை நெலிமா தினமும் இப்படித்தான். அங்கே வாழைக்காய் மலிவு, மீன் மலிவு என்று அடுக்குவாள். கேட்கக் கேட்க இவளுக்கு வயிறு காந்தும்.

கையும் களவுமாகப் பிடிக்க பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் கம்பாலா சந்தையில் நெலிமா முன்னால் ஓடிப்போய் வாழைக்காய்க்காரியிடம் நலம் விசாரித்தாள். பின்னாலேயே வந்த நஞ்சாலா விறைப்பாகக் கேட்டாள்.

"குலை என்ன விலை?"

"பன்னெண்டாயிரம்க்கா."

உகாண்டா ஷில்லிங்கைக் கென்யக் காசில் கணக்குப் போட்டாள். நானூற்றுச் சொச்சம்! நஞ்சாலாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அப்ப மூணு குலை குடு."

"எதுக்குக்கா மூணு? அழுகிப் போயிடும்" என்றாள் நெலிமா.

"என் காசு, என் வாழைக்காய். உனக்கு ஏன்டி எரியுது?"

அந்த வாரம் முழுக்க தினமும் சந்தைதான். தினமும் மூன்று குலை. அக்கம்பக்கத்துக்கெல்லாம் வாரிக் கொடுத்தாள். நெலிமா நாளுக்கு நாள் வாடினாள். அக்காவுக்கு அதுவே விருந்தாக இருந்தது.

கடைசியில், நைரோபியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த தன் கணவன் சிமியுவுக்கு நஞ்சாலா போன் போட்டாள்.

"ஏங்க, வீட்டைக் காலி பண்ணுங்க. கடையையும் வித்துட்டு இங்க வந்துடுங்க."

"தொழில் என்னடி ஆகுறது?"

"தலைமுடி எல்லா ஊர்லயும்தான் வளருது!"

நெலிமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "வேண்டாம்க்கா. இந்த ஊரு உனக்கு ஒத்துக்காது."

"நீ மட்டும் மலிவா தின்னு கொழுக்கணும், நான் அங்க கிடந்து காயணுமா?"

நெலிமா பிடித்த கையை விட்டுவிட்டாள்.

மெத்தை, டிவி, இரண்டு பிள்ளைகளோடு சிமியு வந்து இறங்கினான். தலைவலி என்று நெலிமா போர்த்திப் படுத்துவிட்டாள். நஞ்சாலா கணவனை மட்டும் பெருமையோடு சந்தைக்கு இழுத்துப் போனாள். பன்னிரண்டாயிரத்தை எடுத்து நீட்டினாள்.

"இவருக்கு ஒரு நல்ல குலையாப் பாத்துக் குடு!"

வாழைக்காய்க்காரி பணத்தை வாங்கவில்லை. நஞ்சாலாவின் முதுகுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"தங்கச்சி வரலையாக்கா? அவங்கதானே தினமும் பின்னாடியே ஓடி வந்து மீதிப் பாதிய குடுத்துட்டுப் போவாங்க!"