அபாயச் சங்கிலியும் என் விக்கலும்

பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவன் மின்சார ரயிலில் ஏறினால், மேலே ஓடும் கம்பி அவனை நெஞ்சோடு இழுத்துப் பெட்டியின் கூரையில் ஒட்டவைத்துவிடும் என்று நம்பினேன். நான் பௌதிகம் படித்தவன். மார்க் கேட்காதீர்கள்.

தொண்ணூறுகளில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு ரயிலில் போய்வந்தவர்களில் என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி ஒருவர்தான். குரோம்பேட்டை தாண்டியதும், எதிர் சீட்டில் தூங்கியவருக்கு மூச்சு நின்றுவிட்டது என்று முடிவுகட்டி அபாயச் சங்கிலியை இழுத்தவர். ரயில் நின்றது. பிணம் எழுந்து உட்கார்ந்தது.

“யோவ், கொறட்டை வுடலன்னா செத்துட்டேன்னு அர்த்தமா?”

அன்றிலிருந்து அவர் பெயர் சங்கிலி. கல்யாணங்களில் பந்தல்காலை ஆட்டிப் பார்க்காமல் பந்தியில் உட்காரமாட்டார். சேலையூரில் ஒரு கால் அவர் ஆட்டியதாலேயே விழுந்தது. “நான் அப்பவே சொல்லல?” என்றார், பெருமையாக.

இந்த மனிதர் எங்கள் எதிர்வீடு. என்னுடைய இடது காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் பெட்டியைப் புதைத்து, அதிலிருந்து ஒரு கம்பியை இதயத்துக்குள் விட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று என் மனைவி சொன்னாள்: “அந்த அண்ணாவ மட்டும் கொஞ்ச நாள் உள்ள விடாதீங்க. உங்க பயத்துக்கே வீட்ல எடம் பத்தல.”

சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளே இருந்தார்.

ஆனால் நடந்தது தலைகீழ். நான்தான் அலறினேன். அவர் என் அலறலை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோடு டெலிபோன் பூத்துக்குப் போவார். வார்டு நர்ஸிடம் கேட்பார். திரும்பி வந்து தீர்ப்புச் சொல்வார்.

“தையலைச் சுத்தி நீலமா இருந்தது பச்சையாயிடுச்சு! அழுகுது!”

“ரத்தக்கட்டு கலையுதுய்யா. அப்பால மஞ்சளாவும். நார்மல். வீங்கினா, சூடா செவந்தா, நீர் வடிஞ்சா, ஜுரம் வந்தா கூப்புடு.”

“தடவினா உள்ள பெட்டி தட்டுப்படுது!”

“வெச்சது அங்கதான கீது? காணோம்னா சொல்லு, தேடலாம்.”

இடது கையைத் தோளுக்கு மேல் தூக்காதே என்றிருந்தார்கள். நான் முன்ஜாக்கிரதையாக அதை விலாவோடு ஒட்டிவைத்து, சட்டைப் பொத்தான் முதல் செய்தித்தாள் புரட்டுவதுவரை மனைவியிடம் ஒப்படைத்திருந்தேன். அதற்கும் பூத்துக்குப் போய்வந்தார். “மேல தூக்கக் கூடாதுன்னாங்க, கையே இல்லன்னு நெனச்சுக்கச் சொல்லல. ஆட்டாம வெச்சா தோள் பூட்டிக்குமாம். மரியாதையா பேப்பரைப் புரட்டு.”

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விக்கல் வந்தது. எனக்குத் துளிப் பயமில்லை. உலகத்தில் எல்லோருக்கும் வருவதுதானே? தண்ணீர் குடித்தேன். சர்க்கரை தின்றேன். மூச்சைப் பிடித்தேன். கடிகாரம் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதிர்ச்சி வைத்தியம்.

“மாமா, ஒங்கள ஆபீஸ்ல ராமநாதபுரத்துக்கு மாத்திட்டாங்களாம்!” என்றான் மச்சான்.

“விக்... போடா,” என்றேன்.

அப்போது சங்கிலி வந்தார். எல்லோரும் ‘நார்மல்’ என்ற வார்த்தைக்காக அவர் வாயைப் பார்த்தோம். அவர் என் வயிற்றில் கைவைத்துப் பார்த்தார்.

“எப்ப புடிச்சு?”

“சாப்பிட்டதிலேர்ந்து.”

“தல சுத்துதா?”

“எழுந்தா... விக்... லேசா.”

அவர் பூத்துக்குப் போகவில்லை. தெருவில் பாய்ந்து ஒரு ஆட்டோவை மறித்தார். “தங்கச்சி, ஃபைலை எடு! ஏறுய்யா! வாயத் தொறக்காத!”

ஆகா, மச்சான் எங்கே, இவர் எங்கே! அதிர்ச்சி வைத்தியம் என்றால் இது வைத்தியம். முகம் வெளுத்துப்போக நடிக்க யாரால் முடியும்? சிரித்துக்கொண்டே ஏறினேன்.

பல்லாவரம்வரை அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். “போதும், பயந்துட்டேன்... விக்... வண்டியத் திருப்பச் சொல்லுய்யா,” என்றேன். அவர் டிரைவரின் தோளைத் தட்டி, “இன்னும் வேகமா வுடுய்யா,” என்றார்.  அதற்குமேல் எனக்குக் கண் இருட்டிவிட்டது.

நடந்தது இதுதான். இதயத்துக்குள் வைத்த கம்பி இடம் நகர்ந்து, இதயத்தை விட்டுவிட்டு விலாவுக்குக் கீழே உள்ள உதரவிதானம் என்ற மூச்சுத் தசையைத் தட்டிக்கொண்டிருந்தது. விக்கல் அதனால். மயக்கம் இதயம் மெதுவாகிவிட்டதால். நிற்காத விக்கலும் தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் உடனே கொண்டுவரச் சொல்லி நர்ஸ் சங்கிலியிடம் முன்பே போனில் சொல்லியிருந்தாராம். அன்றைக்கே திறந்து, கம்பியைப் பழைய இடத்தில் வைத்தார்கள். தள்ளுகட்டிலில் என்னை வெளியே கொண்டுவந்தபோது சங்கிலி வராந்தாவில் நின்றிருந்தார். எங்கள் வீட்டு வாசலில் கழற்றிய செருப்பு காலில் இல்லை.