நேத்ரானந்தரின் கண் திறப்பு விழா

பூனாவின் கட்கி பஜாரில் ஒன்றரை மாதமாக மூக்குக்கண்ணாடி போட்டவனைக் கண்டால் ஜனங்கள் பரிதாபப்பட்டார்கள். “ஐயோ பாவம், நீங்க இன்னும் சுவாமியைப் பார்க்கலையா?” என்று விசாரித்தார்கள். விசாரித்தவர்களில் பாதிப் பேர் விளக்குக் கம்பத்தைப் பார்த்து விசாரித்தார்கள். அவர்கள்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்களே!

நேத்ரானந்த சுவாமிகள் முதலில் வாட்ஸ்அப்பில் வந்தார். ரிக்‌ஷாவில் பிறகுதான் வந்தார். ‘நாற்பத்தெட்டே நாள். ஆபரேஷன் இல்லை, மருந்து இல்லை, கண்ணாடி இல்லை’ என்ற செய்தியைக் காலனி முழுக்க அனுப்பியவர் அங்கேயே குடியிருக்கும் விச்சு. எதையும் முழுதாகப் படிக்காமல் ஐம்பது பேருக்கு அனுப்புவது அவருடைய சமூக சேவை. ரயில்வே லைனை ஒட்டிய கல்யாண ஹாலில் கூட்டம் பிதுங்கியது. ஹிஞ்சேவாடியிலிருந்து ஐ.டி. பிள்ளைகள் கம்பெனி அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி தப்பினால் நாள் முழுக்கத் தேடுகிற புத்திசாலிகள், இங்கே ஒரு கேள்வி கேட்கவில்லை.

சுவாமி எப்போதும் கண்ணைப் பாதி மூடி, இடுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அது ஞான நிலையாம்.

மேடை ஓரத்தில் சட்டம் போட்டு ஒரு காகிதம் தொங்கியது. பல்கலைக்கழகக் கண் மருத்துவத் துறை மாதாமாதம் வெளியிடும் ஆராய்ச்சிச் செய்தி மடலின் ஒரு பக்கம் அது. மேலே முத்திரை, நடுவில் பெரிய கண் படம், கீழே பொடிப்பொடியாக இங்கிலீஷ். “நம்ம முறையை யுனிவர்சிட்டிக்காரங்களே ஆராய்ச்சி பண்ணி ஒத்துக்கிட்டாங்க” என்று சுவாமி சொன்னார். வாசலிலேயே கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்பது விதி. அதனால் அதை ஒருவரும் படித்ததில்லை. மாலை மட்டும் போட்டார்கள்.

இந்தக் கூத்தில் மங்கையர்க்கரசி மட்டும் சேரவில்லை. ரிட்டயரான கணக்கு டீச்சர் அவள். வீட்டுக்காரர் பக்தவத்சலம் வெடிமருந்து ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். அவருக்குக் கண்ணில் அழுத்த நோய். வலது கண் பாதிக்கு மேல் போய்விட்டது. இடது கண்தான் மிச்சம். அதே பல்கலைக்கழகத் துறையில் டாக்டர் ப்ரியம்வதா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: “காலையும் மாலையும் ஒரு சொட்டு. நிறுத்திட்டா பார்வை ஓரத்திலிருந்து கரையும். கரைஞ்சது திரும்ப வராது.”

நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கிய அன்றே மனுஷன் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார்.

“மருந்து போட்டீங்களா?”

“மந்திரம் சொல்றப்போ மருந்து விட்டா ரெண்டும் உள்ள சண்டை போடும். சுவாமி சொல்லியிருக்கார்.”

“போடட்டும், நான் போய் விலக்கி விடறேன். தலையைத் தூக்குங்க.”

பக்தவத்சலம் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து மந்திரம் மட்டும் வந்தது: “ப! ம, க! ட, ர, ந! ழ, வ, ச, த!”

இதுதான் மூல மந்திரம். தினம் நூற்றெட்டுத் தடவை. குளிக்கும்போது ‘டரந’, சப்பாத்தி மெல்லும்போது ‘ழவசத’. கேட்டுக் கேட்டு மங்கையர்க்கரசிக்கே மனப்பாடமாகிவிட்டது. இது போதாதென்று மகன் சபரியையும் இழுத்துக்கொண்டு போனார். சபரிக்கு இருபத்தெட்டு வயது, சோடா பாட்டில் கண்ணாடி, அடுத்த மாதம் பெண் பார்க்கும் படலம். பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க அவள் படாத பாடு பட்டிருக்கிறாள். ஓர் எழுத்துக்கு ஒரு வடா பாவ் என்று ஆசை காட்டினாள். வடா பாவெல்லாம் தின்றான். எழுத்து ஒன்றுகூட ஏறவில்லை. மந்திரத்தையும் போனில் இங்கிலீஷில் எழுதி வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

நாற்பத்தெட்டாம் நாள் கண் திறப்பு விழா. மேடையில் ஒரு பெரிய அண்டா. எல்லாரும் கண்ணாடியையும் மருந்தையும் அதில் போட வேண்டும். “போட்டதை மறுபடி தொட்டா இருக்கிற பார்வையும் போயிடும்” என்று சுவாமி எச்சரித்தார். அண்டா பாதி நிரம்பியிருந்தது. பக்தவத்சலம் மருந்துப் புட்டியைக் கையில் இறுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். மங்கையர்க்கரசி அந்தப் புட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்று அது அண்டாவுக்குள் விழுந்தால் இந்த ஜன்மத்தில் மருந்தைத் தொடமாட்டார்.

சுவரில் மஞ்சள் பட்டு மூடிய பலகை ஒன்று தொங்கியது. சுவாமி பட்டை உருவினார். உள்ளே அழகான கறுப்புத் தமிழ் எழுத்துகள். மேலே ஒன்று, அதன் கீழே இரண்டு, அதன் கீழே மூன்று, அடியில் நான்கு. கண் டாக்டர் கிளினிக்கில் மாட்டியிருக்கும் பலகை மாதிரியே இருந்தது.

“சபரி! வெறும் கண்ணால படி!”

சபரி நின்றான். கடகடவென்று படித்தான்; முதல் எழுத்திலேயே எழுந்த கைதட்டலில் மற்றது காதில் விழவில்லை. ஹால் அதிர்ந்தது. “சமத்காரம்! அற்புதம்!” என்று விச்சு தொண்டை கிழியக் கத்தினார்.

மங்கையர்க்கரசிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. என் பிள்ளை தமிழ் படிக்கிறான்! ஒரு நிமிஷம் அவளுக்கே சுவாமியின் காலில் விழலாம் போலிருந்தது. மறு நிமிஷம் உள்ளே இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். கண் தெளிந்தால் எழுத்து தெரியலாம். சரி. ஆனால் படிக்கத் தெரியாதவனுக்குப் படிப்பு எப்படி வந்தது?

அவள் விரதக்காரி இல்லை. துணைக்கு வந்தவள். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தாள். ப. ம, க. ட, ர, ந.

அடப்பாவி! குளியலறையில் ஒன்றரை மாதமாகக் கேட்ட அதே சங்கதி!

“அடுத்து பக்தவத்சலம்!”

மங்கையர்க்கரசி விறுவிறுவென்று மேடையேறினாள். ஆணியிலிருந்து பலகையைக் கழற்றினாள். முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். சுவரில் ஆணி மட்டும் மிச்சம்.

ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்த சுவாமி கண்ணை இடுக்கிச் சுவர்ப் பக்கம் பார்த்தார். “ம்… படி பக்தா!”

பக்தவத்சலம் நெஞ்சை நிமிர்த்தினார். “ப! ம, க! ட, ர, ந! ழ, வ, ச, த!”

“பளிச்சுனு தெரியுதா?”

“வைரமாட்டம் தெரியுது சுவாமி!”

ஹால் முழுக்கக் கைதட்டல். தட்டியவர்கள் எல்லாரும் கண்ணாடி கழற்றியவர்கள். டீ கொண்டுவந்த பையன் மனோஜ் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அரே, வஹா(ங்) தோ குச் நஹி ஹை!” (அங்கே ஒன்றுமே இல்லையே!) என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

“எங்கேங்க தெரியுது?” என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

“அதோ, சுவத்துல.”

அவள் பலகையை அவர் மூக்கருகே நீட்டினாள். “பலகை இங்கே என் கையில இருக்கு. அப்போ சுவத்துல என்னத்தைப் படிச்சீங்க?”

பக்தவத்சலம் பலகையைப் பார்த்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். ஆணி குத்தியது. மருந்துப் புட்டி இன்னும் கையிலேயே இருந்தது.

கூட்டம் அண்டாமேல் பாய்ந்தது. கைக்குக் கிடைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஆளாளுக்குச் சுவரைப் பார்த்தார்கள். விச்சு ஒரு பூப்போட்ட லேடீஸ் கண்ணாடியில் பார்த்தார்.

சுவாமி சுதாரித்தார். “அவர் ஞானக்கண்ணால படிச்சார்!”

“அப்படியா? சபரி, நீயும் ஞானக்கண்ணைத் திற.” மங்கையர்க்கரசி பூஜைத் தட்டிலிருந்த குங்குமத்தைக் குழைத்துப் பலகையின் பின்பக்கம் முழுக்க ‘சபரி’ என்று அவன் பெயரையே எழுதினாள். அவனுடைய கண்ணாடியையும் தேடி எடுத்து மாட்டிவிட்டாள். “இப்போ படி.”

சபரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். “அம்மா… இது மந்திரத்துல இல்லையே?”

அடுத்து சட்டம் போட்ட காகிதத்தை இறக்கி, பொடி எழுத்தை உரக்கப் படித்துத் தமிழில் சொன்னாள். “ஒரே பலகையைத் திரும்பத் திரும்பக் காட்டினா ஜனங்க மனப்பாடம் பண்ணிடறாங்க, அதனால சோதனை பொய்யாப் போகுது. இதுக்காக எங்க துறையில ஒவ்வொரு தடவையும் எழுத்து மாறுற புதுத் திரை தயார் பண்ணியிருக்கோம்.” கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். “சுவாமி, இதுக்குத்தான் ஒன்றரை மாசமா மாலை போட்டோமா?”

சுவாமி எழுந்து அண்டாவில் கைவிட்டு ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடினார். பவர் ஒத்துவரவில்லை. வாசல் என்று நினைத்துத் தூணில் மோதினார். ஞான நிலை என்பது வெறும் கிட்டப்பார்வை என்று அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. கசார்வாடி ஒர்க்‌ஷாப்பில் நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்த ஆள் என்பது அப்புறம் தெரிந்தது. எழுத்து அழகாக இருந்ததற்குக் காரணமும் அதுதான்.

மறுநாளே பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். நாற்காலியில் உட்கார வைத்ததும் பக்தவத்சலம் தொண்டையைச் செருமி, “ப!” என்றார்.

“சார், திரையை இன்னும் ஆன் பண்ணலை” என்றார் டாக்டர் ப்ரியம்வதா.

சிரிப்பு அதோடு நின்றது. இடது கண்ணின் ஓரத்தில் பார்வை கொஞ்சம் போயிருந்தது. போனது போனதுதான். இனி ஒரு வேளைகூடத் தவறாமல் மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பக்தவத்சலம் வீட்டுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே தலையைத் தூக்கிக் காட்டினார். மங்கையர்க்கரசி ஒரு சொட்டு விட்டாள். புட்டியைத் தன் முந்தானையிலேயே முடிந்துகொண்டாள்.

அப்போது பக்கத்து வீட்டு விச்சு வந்தார், இன்னும் அந்தப் பூப்போட்ட கண்ணாடியோடு. “டீச்சரம்மா, இவன் டூப்ளிகேட். ஏரவாடாவுல ஒரு அசல் சுவாமி வந்திருக்கார். முட்டிவலியைத் தொட்டே குணமாக்கறாராம்!”

“அவர் மேடைக்கு எப்படி வரார்? படியேறியா?”

“சே சே! நாலு பேர் நாற்காலியோட தூக்கிட்டு வராங்க!” என்றார் விச்சு பெருமையாக.

கண்ணுக்குப் புதுப்புது வைத்தியம் கண்டுபிடிக்கிற எந்தப் பல்கலைக்கழகமும் விச்சுவுக்கு இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கும்வரை, மகாஜனங்களே, வாசலில் எதைக் கழற்றச் சொன்னாலும் கழற்றுங்கள். கண்ணாடியையும் மூளையையும் மட்டும் கழற்றாதீர்கள்.