ஐந்தாம் மாடிக் கணினி வைத்தியர்

வெள்ளவத்தையில் லிஃப்ட் வேலை செய்யாத அடுக்குமாடி இருக்கலாம், தண்ணீர் வராத அடுக்குமாடி தாராளமாக இருக்கலாம். ஆனால் கணினி வைத்தியர் ஒருவர் குடியிருக்காத அடுக்குமாடியை நான் இதுவரை கண்டதில்லை. இவர் கணினி படித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். படித்தவர்களுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்? இவர் ஏதாவதொரு காப்புறுதிக் கம்பனியில் உத்தியோகம் பார்ப்பவர். இருபது வருடங்களுக்கு முன் மைத்துனருடைய கணினியை ஒரே ஒரு தடவை திருத்தியவர். அந்த வெற்றியிலிருந்து இன்னும் இறங்கி வராதவர்.

இவரைக் கூப்பிட வேண்டியதில்லை. 'கொம்பியூட்டர் கொஞ்சம் ஸ்லோ' என்று படிக்கட்டில் நின்று யாரிடமாவது சொன்னால் போதும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய பல் பிரஷ் ஒன்றையும் ஒரு பென்சில் அழிறப்பரையும் எடுத்துக்கொண்டு, "எங்கை, தள்ளுங்கோ பாப்பம்" என்று வந்து உங்கள் கதிரையில் உட்கார்ந்துவிடுவார். கதிரை போனால் போனதுதான்.

எங்கள் கட்டடத்தில் இந்தப் பதவி ஐந்தாம் மாடித் தயாபரன் அண்ணையுடையது. போன வியாழக்கிழமை மத்தியானம் அவர் கீழ்மாடி உஷாந்தியின் கதிரையைப் பிடித்தார். உஷாந்தி சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கி முத்திரை குத்துவது அவள் தொழில். ஒரு தடவை ஒரு மனுஷன் கிழிந்த சான்றிதழைக் கொண்டுவந்து தந்துவிட்டு, "நீங்கள்தான் கிழிச்சனீங்கள்" என்று சண்டைக்கு நின்றான். அன்றிலிருந்து எது தன் மேசைக்கு வந்தாலும், கை வைக்க முதல் போனில் ஒரு படம் எடுத்துவிடுவாள்.

அன்று அவளுக்குப் பக்கத்தில் மாளிகாவத்தை பஹ்மிதா உட்கார்ந்திருந்தாள். புருஷன் வெளிநாடு போய் மூன்று வருடம். அவனிடம் போய்ச் சேர்வதற்கான பதினொரு பத்திரங்களும் மொழிபெயர்த்து முடிந்து கணினிக்குள் இருந்தன. அச்செடுத்து ஒப்பமிட வேண்டியதுதான் பாக்கி. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தூதரகத்தில் நிற்க வேண்டும். தவறினால் அடுத்த திகதி நான்கு மாதம் கழித்து.

கணினி ஊர்ந்துகொண்டிருந்தது, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. அதை நிறுத்தி, திரும்பப் போட்டு, ஒரு விசையைப் படபடவென்று தட்டி, சாதாரண மனிதர்கள் போகாத அமைப்புத் திரைக்குள் புகுந்து, ஹார்ட் டிஸ்க் எந்த முறையில் இணைய வேண்டும் என்று சொல்லும் வரியில் போய் நின்றார்.

"இது பழைய மோட். மாத்திவிட்டா மெஷின் பறக்கும்."

"அண்ணை, ஒரு நிமிஷம்" என்று உஷாந்தி வழக்கம்போல ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அண்ணை மாற்றினார். மெஷின் பறந்தது. நேராக நீலத் திரையில் போய் விழுந்து, ஓர் அழுமூஞ்சியைப் போட்டு, விண்டோஸ் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒப்பாரி வைத்தது.

நடந்தது இவ்வளவுதான். விண்டோஸ் பேசுவது ஹார்ட் டிஸ்க்குக்கு நேரடியாக விளங்காது. நடுவில் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு டிரைவர் வேண்டும். உஷாந்தி செய்யும் அதே வேலை. அண்ணை இணைப்பு முறையை மாற்றியதில் பழகிய டிரைவர் பயனற்றுப் போய்விட்டது. புது முறைக்கான டிரைவரை எழுப்பிவிட ஆளில்லை. இனி யார் என்ன கதைத்தாலும் யாருக்கும் விளங்காது.

"நேற்று ஏதும் டவுன்லோட் பண்ணினனீங்களோ?" என்று அண்ணை உஷாந்தியைப் பார்த்துக் கேட்டார். பார்த்தீர்களா? குற்றவாளியை எவ்வளவு கெதியாகப் பிடித்துவிட்டார்!

"இல்லை அண்ணை. நீங்கள் மாத்தினதைப் பழையபடி விட்டுப் பாப்பமோ?"

"சும்மா இருங்கோ பிள்ளை. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை."

பிறகு சடங்குகள் தொடங்கின. வயர்களைப் பிடுங்கி ஊதினார். பல் பிரஷால் தூசு தட்டினார். ராம் என்ற நினைவகத் தகட்டைக் கழற்றி அதன் பல்லையெல்லாம் அழிறப்பரால் உரஞ்சினார். ஒவ்வொரு தடவையும் நீலத் திரை, ஒவ்வொரு தடவையும் "ம்ம்ம்... நான் நினைச்சனான்" என்றார். என்னத்தை நினைத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. கடைசியில் தீர்ப்பு வந்தது.

"ஃபோர்மட் அடிக்கத்தான் வேணும்."

பஹ்மிதாவின் முகம் செத்துவிட்டது. எங்களுக்கு அண்ணை, அவளுக்கு நானா. "நானா, அடிச்சா என்ட பேப்பர் எல்லாம்?"

"எல்லாம் போகும் தங்கச்சி. ஆனா மெஷின் புதுசு மாதிரி வரும்."

எவ்வளவு பெரிய ஆறுதல்! மெஷினைக் கொண்டுபோய்த் தூதரகத்தில் கொடுக்கலாம். உஷாந்தி சொல்லக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு, அங்கே நின்றிருந்தால் அந்தப் பல் பிரஷைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

விண்டோஸ் பென் டிரைவைத் தேடி எடுத்துவர அண்ணை மேலே போனார். லிஃப்ட் பழுது, ஐந்து மாடி. உஷாந்தி போனிலிருந்த படத்தைத் திறந்து பஹ்மிதாவின் கையில் கொடுத்தாள். பஹ்மிதா வரி வரியாக வாசிக்க, உஷாந்தி அண்ணை தட்டிய விசையையே தட்டி உள்ளே போய், அதே வரியைத் தேடிப் பிடித்துப் பழையபடி மாற்றினாள். விண்டோஸ் ஒன்றுமே நடக்காதது போல எழும்பி வந்தது. பதினொரு பத்திரமும் அச்சாகி, ஒப்பமும் முத்திரையும் விழுந்த பிறகுதான் படிக்கட்டில் அண்ணையின் மூச்சிரைப்புக் கேட்டது.

அவர் திரையைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"பாத்தீங்களோ? அழிறப்பர் வேலை செய்திருக்கு!"

"ஓம் அண்ணை. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றாள் உஷாந்தி. உண்மையைச் சொல்லலாம்தான், ஆனால் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிப் பூட்டின் திறப்பும் அண்ணையிடம் அல்லவா இருக்கிறது?

"அல்லாஹ் ஒங்களுக்கு நல்லத செய்யட்டும் நானா" என்று சொல்லிவிட்டு, பத்திரங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஹ்மிதா பறந்தாள். அண்ணை அடக்கமாகத் தலையாட்டி அதை வாங்கிக்கொண்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பெயரையும் மாடியையும் மாற்றி இதை வாசித்துக் காட்டியபோது தயாபரன் அண்ணையும் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த ஆள் அச்சாய் எங்கட மூண்டாம் மாடி கிளறன்ஸ்தான்" என்றார். நீங்களும் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ சாமான்களைத் திருத்தியிருப்பீர்கள். அவையெல்லாம் வேலையும் செய்திருக்கும், உங்களுக்குத் தேத்தண்ணியும் வந்திருக்கும். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: அவை சரிவந்த நேரம் நீங்கள் அந்த அறைக்குள் இருந்தீர்களா?